கடைக்காரர் கட்டிய சிரிப்பு: 1700களின் ஆங்கில நையாண்டித் திரட்டுகள்

ஆங்கில இலக்கியத்தைப் பட்டப்படிப்பாக எடுத்தவர்கள் அலெக்சாண்டர் போப்பின் 'த ரேப் ஆஃப் த லாக்' கவிதையை ஏதாவது ஒரு செமஸ்டரில் படித்திருப்பார்கள். ஒரு பிரபு ஓர் அழகியின் கூந்தல் சுருளை வெட்டி எடுத்துக்கொண்ட கதை. கைடுகளில் அதன் பக்கத்தில் 'மாக் ஹீரோயிக்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கும். அது முதன்முதலில் எந்தக் கோலத்தில் அச்சானது என்பதைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள். 1712இல், கவிஞரின் பெயரே இல்லாமல், பலர் எழுதிய கவிதைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு புத்தகத்தின் கடைக்கோடியில் அது வந்தது.

அப்படிப்பட்ட புத்தகத்தை அப்போது 'மிசலனி' என்றார்கள். இங்கே அதைத் திரட்டு என்று வைத்துக்கொள்வோம். பலர் எழுதியவற்றை, பல வகையானவற்றை, ஒரே அட்டைக்குள் போட்டு விற்ற புத்தகம். 'பல கைகள் எழுதியவை' என்ற வாசகம் அதன் முகப்பில் அடிக்கடி இருக்கும்.

இந்தத் திரட்டுகளைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. அந்தக் காலத்தின் சிறந்த நையாண்டிகளைப் பொறுக்கியெடுத்த தொகைநூல்கள் இவை என்பார்கள் சிலர். பெரிய கவிஞர்கள் கழித்துப்போட்டதைச் சில்லறைப் புத்தகக்காரர்கள் அச்சடித்த குப்பை என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பும் கவிஞரிடமிருந்து தொடங்குவதுதான் சிக்கல். புத்தகத்தைக் கட்டியவர் கடைக்காரர். அங்கிருந்து தொடங்கினால் மற்றவை தாமாகவே விளங்கும்.

பாட்டுப் புத்தகம் போல

கேசட் காலத்தில் பேருந்து நிலையங்களில் சினிமாப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். சாணித்தாள், அட்டையில் நடிகர் படம், உள்ளே காதல் பாட்டும் தத்துவப் பாட்டும் சோகப் பாட்டும் கலந்து கிடக்கும். எழுதிய கவிஞரின் பெயர் பல பாடல்களுக்கு இருக்காது. அவரிடம் யாராவது அனுமதி கேட்டார்களா என்பது கடவுளுக்கே வெளிச்சம். எது முதலில் வர வேண்டும், எந்த முகத்தை அட்டையில் போட்டால் விற்கும் என்பதையெல்லாம் முடிவு செய்தவர் புத்தகம் போட்டவர். வாங்குபவரும் அதை வைத்து ஆராய்ச்சி செய்யப் போவதில்லை, பாடத்தான் வாங்குகிறார்.

லண்டன் திரட்டுகளின் அடிப்படை ஏற்பாடும் இதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டுப் புத்தகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடல்கள் இருக்கும். லண்டன் திரட்டை விற்றது புதுமை: நேற்று காபிக் கடையில் கைமாறிக்கொண்டிருந்த கையெழுத்துப் பிரதி, இன்று அச்சில். தொகைநூல் என்றால் காலம் சலித்துத் தந்ததைச் சேர்ப்பது. திரட்டு காலத்துக்கு முன்னால் ஓடும்.

இந்தக் கலவைக்கு அந்தக் காலத்திலேயே சமையல் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். 'த ரேப் ஆஃப் த லாக்' வந்த அதே 1712 திரட்டில் ஜான் கே என்ற கவிஞர் ஒரு கவிதை எழுதினார், புத்தகத்தை வெளியிட்ட பெர்னார்ட் லின்டாட்டுக்கே. கைதேர்ந்த சமையல்காரன் எல்லா விருந்தாளிக்கும் பிடிக்கும்படி மீனையும் கோழியையும் ஒரே தட்டில் சேர்ப்பதுபோல, பெர்னார்ட், நீயும் எல்லா வகைக் கவிதையையும் கலந்து திரட்டைச் செய்ய வேண்டும் என்கிறார். தட்டை நிரப்ப வேண்டியவன் வியாபாரி என்பதில் கேவுக்குச் சந்தேகமே இல்லை.

லின்டாட்டும் அப்படித்தான் செய்திருந்தார். புத்தகம் லத்தீன் காப்பியம் ஒன்றின் மொழிபெயர்ப்போடு கனமாகத் தொடங்குகிறது. முடிவில் கூந்தல் சுருள் கதை. இரண்டுமே போப் எழுதியவை. தொடக்கத்தில் காப்பிய நடையைச் சுவைத்துவிட்டு முந்நூறு பக்கத்துக்கு மேல் கடந்து வருகிற வாசகருக்கு, அதே நடையில் ஒரு மயிர்ச் சுருளுக்காகப் போர் மூளும்போது சிரிப்பு இன்னும் பலமாக வந்திருக்கும். தனியாக எடுத்துப் பாடப்புத்தகத்தில் போட்ட பிறகு அந்தக் கவிதை இழந்தது இந்த அக்கம்பக்கத்தை.

சரி, இதுவரை: திரட்டு என்பது சிறந்தவற்றின் தேர்வு கிடையாது. புதியதும் பலதும் கலந்த விற்பனைச் சரக்கு. அதில் ஒரு கவிதைக்குப் பாதிப் பொருள் பக்கத்துக் கவிதையிலிருந்து வருகிறது.

கடைக்காரர் யார்?

அந்தக் காலத்து லண்டனில் 'புக்செல்லர்' என்றால் இன்றைய பதிப்பாளரும் கடைக்காரரும் சேர்ந்த ஒருவர். கையெழுத்துப் பிரதியை வாங்குவார், அச்சகத்துக்குச் செலவு செய்வார், தன் கடையிலேயே விற்பார். ஃப்ளீட் தெருவிலும் செயின்ட் பால் தேவாலயத்தின் சுற்றுமனையிலும் இவர்களின் கடைகள் நெருக்கமாக இருந்தன.

1695 வரை எதையும் அச்சிட முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் இருந்தது. அந்த ஆண்டு அது காலாவதியானது, நாடாளுமன்றம் புதுப்பிக்கவில்லை. அணை திறந்ததுபோல் ஆயிற்று. அரசர்களையும் அமைச்சர்களையும் கிண்டலடித்து அதுவரை கையால் நகலெடுத்துப் பரப்பப்பட்ட கவிதைகள் 'அரச விவகாரக் கவிதைகள்' என்ற பெயரில் தொகுதி தொகுதியாக வரத் தொடங்கின. 1697லிருந்து அடுத்த பத்து ஆண்டுகளில் அந்தத் தலைப்பில் புதிய தொகுதிகள் திரும்பத் திரும்ப வந்தன.

காப்புரிமை? 1710இல்தான் அதற்கு முதல் சட்டம். புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. நடைமுறையில் கவிஞர் உரிமையை மொத்தமாகக் கடைக்காரருக்கு விற்றுவிடுவார். 'த ரேப் ஆஃப் த லாக்' முதல் வடிவத்துக்கு லின்டாட் கொடுத்தது 7 பவுண்டு. 1714இல் போப் அதை இரண்டு காண்டத்திலிருந்து ஐந்து காண்டமாக வளர்த்தபோது இன்னொரு 15 பவுண்டு. அந்தத் தனிப் பதிப்பு நான்கு நாளில் 3,000 பிரதி விற்றதாகப் போப்பே ஒரு கடிதத்தில் எழுதினார். லாபம் யாருக்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பணம் கொடுத்து வாங்காதவர்களும் இருந்தார்கள். பிளாக்ஃப்ரையர்ஸ் பகுதியில் ஹென்றி ஹில்ஸ் என்ற அச்சுக்காரர். எந்தக் கவிதை நன்றாகப் போகிறதோ அதை உடனே மட்டத் தாளில், நெருக்கமான எழுத்தில் அடித்து மலிவு விலைக்கு விற்பார். முகப்பில் 'ஏழைகளின் நன்மைக்காக' என்று போட்டுக்கொள்வார். கேட்டால் சமூக சேவை! கே தன் 1712 கவிதையிலேயே இவரைக் குத்துகிறார்: கொள்ளைக்காரன் ஹில்ஸின் பழுப்புத் தாள், சொறிபிடித்த எழுத்து என்று.

ஹில்ஸின் கதையில்தான் திரட்டு எப்படி உருவாகும் என்பதன் மிகத் தெளிவான உதாரணம் கிடைக்கிறது. அவர் அடித்த சிறு வெளியீடுகள் விற்காமல் மீந்து கிடந்தன. 1717இல் அவற்றைக் கட்டுக்கட்டாக எடுத்து, முன்னால் ஒரு புது முகப்புத் தாளை ஒட்டி, 'தலைசிறந்த ஆங்கிலக் கவிதைகளின் தொகுப்பு' என்ற பெயரில் இன்னொரு வியாபாரி விற்றார். உள்ளே ஒவ்வொரு கவிதைக்கும் தனித்தனிப் பக்க எண். தேர்வு, ரசனை, அழகியல் கொள்கை என்று நாம் தேடிக்கொண்டிருக்கும் இடத்தில் கிட்டங்கியைக் காலிசெய்யும் வேலை நடந்திருக்கிறது. புது முகப்போடு பழைய தாள்களை விற்பது அன்று பலரும் செய்த தந்திரம். அதனால் 'இரண்டாம் பதிப்பு' என்ற வரியைப் பார்த்து ஒரு நூல் பெரிய வெற்றி என்று எழுதிவிடக் கூடாது.

மறுகோடியில் இருந்தவர் ஜேக்கப் டான்சன். நல்ல தாள், நல்ல எழுத்து, பெரிய பெயர்கள். 1684இல் கவிஞர் ஜான் டிரைடனோடு சேர்ந்து அவர் தொடங்கிய திரட்டு வரிசையின் ஆறாம் பகுதி 1709இல் வந்தது. அதன் தொடக்கத்தில் ஆம்ப்ரோஸ் பிலிப்ஸ் எழுதிய, ஆயர் வாழ்வைப் பாடும் மேய்ச்சல்நிலக் கவிதைகள். முடிவில் 21 வயது நிரம்பாத போப் எழுதிய அதே வகைக் கவிதைகள். கடைக்காரர் எதிரெதிர் முனையில் வைத்தார், வாசகர்கள் ஒப்பிட்டார்கள், பகை மூண்டது. 1713இல் 'கார்டியன்' பத்திரிகையில் பிலிப்ஸைப் புகழ்ந்து பெயரில்லாமல் ஒரு கட்டுரை வந்தது. அவருடைய மகா மட்டமான வரிகளை எல்லாம் எடுத்துப்போட்டு, இதல்லவோ கவிதை என்று உருகுகிறது. எழுதியவர் போப். இந்த பிலிப்ஸ் பின்னால் திரும்ப வருவார்.

சிரிப்பில் மூன்று வகை

நையாண்டி, பகடி, அங்கதம் என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பேசுவது வழக்கம். தொடக்க வாசகருக்கு மூன்று வகையைப் பிரித்துக்கொண்டால் போதும். மூன்றும் ஒரே விசையில் இயங்குகின்றன: பொருளும் நடையும் பொருந்தாமல் இருப்பது.

முதலாவது, பெரிய பொருளை மட்டமான நடையில் சொல்வது. 1663இல் சாமுவேல் பட்லர் எழுதிய 'ஹியூடிபிராஸ்' இதற்கு அச்சு. வரிக்கு எட்டு அசை, தடதடவென்று ஓடும் ஈரடிகள், வேண்டுமென்றே கோணலான இயைபு. மதப் பிரசங்கியின் மேடை ஒரு போர் முரசாம். தடிக்குப் பதில் கைமுஷ்டியால் அறைகிறார்களாம். அங்கே 'எக்ளீசியாஸ்டிக்' என்ற கனமான தேவாலயச் சொல்லுக்கு 'அ ஸ்டிக்', அதாவது ஒரு குச்சி, இயைபாக வந்து நிற்கிறது. கனமான சொல்லின் காலைக் குச்சி வாரிவிடுகிறது. இந்த நடை கைக்கு எளிதாக வந்துவிடும். அதனால் அடுத்த ஐம்பது ஆண்டுத் திரட்டுகள் முழுக்க இது இறைந்து கிடக்கிறது. பாதிக்கு மேல் சலிப்பூட்டும். 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் கையில் மட்டும் இந்தக் குட்டை வரி கத்திபோல் வேலை செய்தது.

இரண்டாவது, சின்னப் பொருளைப் பெரிய நடையில் சொல்வது. இதுதான் மாக் ஹீரோயிக், போலிக் காப்பியம். இது ஹோமரையும் மில்டனையும் கிண்டலடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. காப்பிய நடை ஓர் அளவுகோலாக நிற்கிறது. அதன் பக்கத்தில் நிறுத்தும்போது இன்றைய மனிதர்கள் எவ்வளவு குள்ளம் என்று தெரிகிறது. போப்பின் கவிதையில் மூன்று நாடுகள் பணியும் ஆன் அரசி அரண்மனையில் சில நேரம் மந்திராலோசனை கொள்கிறார், சில நேரம் தேநீர். ஒரே வினைச்சொல் இரண்டையும் தாங்குகிறது. அடி யார் மேல் விழுகிறது? காப்பியத்தின் மேல் இல்லை.

எனக்குப் போப்பைவிடவும் இந்த வகையில் பிடித்தது ஜான் பிலிப்ஸின் 'த ஸ்பிளெண்டிட் ஷில்லிங்'. (இவர் வேறு பிலிப்ஸ்.) 1701இல் ஒரு திரட்டில்தான் அதுவும் முதலில் தலைகாட்டியது. மில்டன் சொர்க்கத்தையும் நரகத்தையும் பாடிய அதே இயைபில்லாத நீள வரிகளில், அதே உருண்டு புரளும் தொடர்களில், பையில் காசில்லாத ஒருவனின் புலம்பல். பட்டுப் பையிலோ தோல் பையிலோ ஒரு ஷில்லிங் வெள்ளிக்காசு வைத்திருப்பவன் பாக்கியவான். கவிஞனோ பரண் அறையில் மைபோல் கறுத்த குட்டைக் குழாயில் புகையிலை பிடித்துக்கொண்டு பசியைச் சமாளிக்கிறான். அப்போது கடன்காரன் வருகிறான். தேவரும் மனிதரும் வெறுக்கும் கோர அரக்கன் என்று அறிமுகம். இடி முழங்குவதுபோல் மூன்று முறை கதவை உதைக்கிறான். அடுத்து நீதிமன்றச் சேவகன். கடைசியில் உச்சக்கட்டச் சோகம்: எத்தனையோ குளிர்காலங்களைத் தாங்கிய கால்சட்டை கிழிந்துவிட்டது. அந்தக் கிழிசல் வழியே காற்று புகுவதைச் சொல்லிவிட்டு, கடலில் பாறை மோதிப் பிளந்து மூழ்கும் கப்பலை உவமை காட்டி முடிக்கிறார். கிழிந்த கால்சட்டைக்கு மூழ்கும் கப்பல்! இதை ஆங்கிலத்தின் மிகச் சிறந்த பகடி என்றே 'டாட்லர்' பத்திரிகை அன்று எழுதியது.

மூன்றாவது, நகரத்தை உள்ளபடி சொல்வது. ஸ்விஃப்ட்டின் 'நகரத்து மழை' 1710இல் டாட்லரில் வந்து, அடுத்த ஆண்டு அவருடைய திரட்டில் ஏறியது. புயல் வர்ணனை காப்பியங்களில் தவறாமல் வரும். ஸ்விஃப்ட் லண்டனில் மழை வரும் அறிகுறிகளைச் சொல்கிறார்: பூனை வாலைத் துரத்துவதை நிறுத்திவிடும், சாக்கடை வழக்கத்தைவிட இரட்டிப்பாக நாறும். முடிவில் மூன்று வரி. இறைச்சிக் கடைக் கழிவு, சாணம், குடல், ரத்தம், செத்த நாய்க்குட்டி, நாறும் சின்ன மீன், செத்த பூனை, டர்னிப் இலை, எல்லாம் வெள்ளத்தில் புரண்டு வருகின்றன. ஈரடியாக ஓடிக்கொண்டிருந்த கவிதை கடைசியில் மூன்றடியாக வீங்கி, கடைசி வரி மற்றவற்றைவிட நீண்டுபோகிறது. டிரைடன் காலத்துக் கவிஞர்கள் கம்பீரத்துக்காகப் பயன்படுத்திய உத்தி அது. ஸ்விஃப்ட்டுக்கு அது பிடிக்காது. அதையே சாக்கடைக்குக் கொடுத்துவிட்டார்.

இங்கே ஒரு சிறு நிறுத்தம். பெரிதைச் சிறிதாக்குவது, சிறிதைப் பெரிதாக்குவது, வர்ணனை மரபுக்குள் நிஜத் தெருவைக் கொட்டுவது. ஒரு திரட்டைப் புரட்டும்போது எந்தச் சிரிப்பும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். திறமைசாலிகள் ஒரே கவிதையில் இரண்டைச் செய்வார்கள்.

மெட்டு இருந்தால் போதும்

திரட்டுகளில் ஒரு பெரிய பங்கு படிப்பதற்கானதே இல்லை, பாடுவதற்கானது. 'விட் அண்ட் மர்த், மனச்சோர்வைப் பேதியாக்கும் மாத்திரைகள்' என்ற விசித்திரமான பெயரில் 1698இல் தொடங்கிய பாடல் வரிசை, 1719–20இல் தாமஸ் டர்ஃபியின் பொறுப்பில் ஆறு தொகுதிகளாக முழுமை பெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள், பலவற்றுக்கு இசைக்குறிப்போடு. குடிப்பாட்டு, வேட்டைப்பாட்டு, அரசியல் கிண்டல், பச்சையான படுக்கையறைப் பாட்டு, எல்லாம் அடுத்தடுத்து. டர்ஃபிக்குப் பேசும்போது திக்கும், பாடும்போது திக்காது என்பார்கள். இரண்டாம் சார்லஸ் அரசர் அவர் தோளில் சாய்ந்துகொண்டு சேர்ந்து முணுமுணுத்ததைத் தாம் நினைவு வைத்திருப்பதாகக் கட்டுரையாளர் ஜோசப் அடிசன் எழுதியிருக்கிறார்.

மெட்டு ஏற்கெனவே ஊருக்கெல்லாம் தெரியும். புது வரிகளை எழுதி, 'இன்ன பாட்டின் மெட்டில்' என்று மேலே போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஒரு காதல் மெட்டில் அமைச்சரைத் திட்டினால், பாடுபவர் காதில் பழைய காதல் வரியும் சேர்ந்தே கேட்கும். நம்மூர் அரசியல் மேடைகளிலும் சினிமா மெட்டுக்கு இதே வேலை உண்டென்பதால் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1728இல் கே இதை நாடகமாக்கினார். 'பிச்சைக்காரர் ஆப்பெரா'வில் 69 பாட்டு; பல மெட்டுகள் டர்ஃபியின் தொகுதிகளிலும் இருப்பவைதான். திருடர்கள் பாடினார்கள், பார்வையாளர்கள் பிரதமர் வால்போலை நினைத்துச் சிரித்தார்கள்.

கவிஞரே இல்லாமலும் திரட்டு போட முடியும் என்று 1731இல் ஒரு புத்தகம் காட்டியது. 'கண்ணாடி ஜன்னல் மற்றும் கக்கூஸ் திரட்டு' என்று அதன் துணைத்தலைப்பைச் சொல்லலாம். தொகுத்தவர் 'ஹர்லோத்ரம்போ' என்று ஒரு கோமாளி நாடகத்தின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். மதுக்கடை ஜன்னல் கண்ணாடியில் வைர மோதிரத்தால் கீறியவை, கழிப்பறைச் சுவரில் கிறுக்கியவை, இவைதான் உள்ளே. காதல் வரிக்குக் கீழே இன்னொருவன் எழுதிய பதில் கிண்டலும் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். இவ்வளவு நாகரிகமான கனவான்களும் நாறுவார்கள் என்று யார் நினைத்திருப்பார் என்கிறது ஒரு கழிப்பறை ஈரடி. விலைமதிப்பில்லாத நூல். அந்தச் சுவர்களில் ஒன்றுகூட இன்று மிச்சமிருக்க வழியில்லை. கடைக்காரரின் ஆசையால் மட்டும் அவை நம்மிடம் இருக்கின்றன.

பெயரில் விழுந்த கோடு

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கும். நேராகத் திட்டுவது செம்பொருள் அங்கதம். மறைத்துத் திட்டுவது பழிகரப்பு அங்கதம். லண்டன் திரட்டுகளில் இரண்டாவதுதான் ஆட்சி செய்தது. அதற்குக் காரணம் பாதி கலை, பாதி பயம்.

முன்அனுமதிச் சட்டம் போனாலும், அச்சான பிறகு தண்டிக்கும் சட்டம் அப்படியே இருந்தது. அரசை இழிவுபடுத்தி எழுதுவது ராஜத் துரோக அவதூறு. நெட் வார்ட் என்ற மதுக்கடைக்காரக் கவிஞர் 'ஹியூடிபிராஸ்' பாணியில் மாதாமாதம் வெளியிட்ட கிண்டலில் ஆன் அரசியைத் தொட்டுவிட்டார். 1706இல் இரண்டு முறை அவரைப் பில்லரியில் நிறுத்தினார்கள். பில்லரி என்பது கழுத்தையும் கைகளையும் பலகையில் மாட்டித் தெருவில் நிறுத்தும் தண்டனை; கூட்டம் கையில் கிடைத்ததை எறியும்.

அதனால் பெயர்களில் கோடு விழுந்தது. 'வால்போல்' என்று எழுதாமல் முதல் எழுத்து, ஒரு நீளக் கோடு, கடைசி எழுத்து. சந்தத்தையும் இயைபையும் வைத்தே வாசகர் இடத்தை நிரப்பிக்கொள்வார். நீதிமன்றத்தில் இது முழுக் கவசம் இல்லை என்றாலும் ஓரளவு புகைமூட்டம். அதைவிட முக்கியம், கோடு விற்பனைக்கு நல்லது. புதிரை விடுவிக்கும் வாசகர் தன்னையும் உள்வட்டத்து ஆளாக உணர்கிறார். புரியாதவர்களுக்கு 'சாவி' என்ற பெயரில் தனிப் புத்தகம் விற்றார்கள். எந்தக் கோடு யார் என்ற பட்டியல். போப் இதையும் விடவில்லை. 1715இல் தன் கவிதைக்கே பொய்ப் பெயரில் ஒரு போலிச் சாவி எழுதினார். கூந்தல் சுருள் என்பது உண்மையில் ஒரு சர்வதேச ஒப்பந்தம், கவிதை முழுக்க அரசியல் சதி என்று ஆதாரத்தோடு நிரூபிக்கிறார்! கண்டதற்கெல்லாம் உள்ளர்த்தம் தேடும் வாசகர்களுக்கு அது ஒரு குட்டு.

கர்லும் வாந்தி மருந்தும்

இந்த வியாபாரத்தின் எல்லா உத்திகளையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டும் என்றால் எட்மண்ட் கர்ல். கிடைத்த கையெழுத்துப் பிரதியை யாருடையது, எப்படி வந்தது என்று கேட்காமல் அச்சடிப்பவர். 1716 மார்ச் கடைசியில் 'அரசவைக் கவிதைகள்' என்று ஒரு மெல்லிய வெளியீடு வந்தது. மூன்றே கவிதை. அரண்மனைப் பெண்களின் சீட்டாட்டத்தையும் அலங்கார மேசையையும் மேய்ச்சல்நிலக் கவிதை நடையில் கிண்டலடிப்பவை. மேரி வொர்ட்லி மாண்டெகு சீமாட்டியின் நண்பர் வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தவை அவை. முகப்பில் கர்லின் பெயர் இல்லை. வேறொரு விற்பனையாளர் பெயர். முன்குறிப்பில் எழுதியவர் யார் என்று சொல்லாமல் தூண்டில் மட்டும் போட்டிருந்தார்கள்: உயர்குடிப் பெண்ணாக இருக்கலாம், கேவாக இருக்கலாம், ஹோமரை மொழிபெயர்க்கும் அறிஞராகவும் இருக்கலாம்.

ஹோமரை அப்போது மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் போப். வெளியான இரண்டாம் நாள், மார்ச் 28, ஃப்ளீட் தெருவின் ஸ்வான் மதுக்கடையில் கர்லைச் சந்தித்தார். லின்டாட்டும் உடன் இருந்தார். சண்டை போடவில்லை, ஒரு கோப்பை ஒயின் கொடுத்தார். அதில் வாந்தி மருந்து கலந்திருந்தது. கர்ல் வீட்டுக்குப் போய்ப் பட்ட பாட்டைப் போப் உடனே ஒரு துண்டுப் பிரசுரமாக எழுதி வெளியிட்டார், பெயரில்லாமல்தான். சாகப்போகிறோம் என்று பயந்த கர்ல், தான் அச்சடித்த புத்தகங்களை எல்லாம் பாவமன்னிப்புக் கேட்பதுபோல் வரிசையாகச் சொல்கிறாராம்.

போப்பின் செயல் அநாகரிகம். குற்றம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். திருட்டுத் திரட்டை அச்சடித்தவருக்குப் பதிலடி கொடுக்கக் கவிஞர் கையில் எடுத்தது கடைக்காரரின் ஆயுதங்களையே: பெயரில்லாத வெளியீடு, மலிவு விலை, சுடச்சுடச் செய்தி, நிஜப் பெயர்களை வைத்து வம்பு. கர்ல் இதற்கெல்லாம் அசரவில்லை. விளம்பரம்தானே!

கவிஞர்களே கடை விரித்தபோது

1727இல் போப்பும் ஸ்விஃப்ட்டும் தங்கள் பெயரிலேயே 'மிசலனிகள்' என்று இரண்டு தொகுதி வெளியிட்டார்கள். இருவரும் கையெழுத்திட்ட முன்னுரையில் ஒரே புலம்பல்: நாங்கள் எழுதாததை எங்கள் பெயரில் போடுகிறார்கள், எழுதியதைக் கேட்காமல் போடுகிறார்கள், வேறு வழியில்லாமல் நாங்களே தொகுக்கிறோம். புலம்பல் பாதி உண்மை. மீதிப் பாதி, கடைக்காரர்கள் இருபது ஆண்டாக நிரூபித்துக் காட்டிய ஒரு வடிவத்தைக் கையகப்படுத்துவது. எது எதன் பக்கத்தில் வர வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது 1728 மார்ச்சில் வந்த அடுத்த தொகுதியில் தெரிந்தது. முன்னால் உரைநடையில் ஒரு நீண்ட கேலி. கவிதையில் எப்படிப் படிப்படியாக அடிமட்டத்துக்கு இறங்குவது என்று கற்றுத்தரும் பாடநூல் போன்றது; பெரும்பகுதி போப் எழுதியது. உதாரணங்கள் எல்லாம் அக்காலக் கவிஞர்களின் நிஜ வரிகள். மோசமான கவிஞர்களின் திரட்டு ஒன்றைத் தன் திரட்டுக்குள் வைத்துக் கட்டினார் என்றே சொல்லலாம்.

அதில் ஓர் அத்தியாயம் கவிஞர்களைப் பிராணிகளாக வகைப்படுத்துகிறது. பறக்கும் மீன், தீக்கோழி, கிளி, தவளை, விலாங்கு, ஆமை. தவளை நடக்காது, பறக்காது, நன்றாகத் தாவும். குட்டையின் அடியில் கிடந்து, தலையை வெளியே நீட்டும்போதெல்லாம் பெரும் சத்தம் போடும். ஒவ்வொரு பிராணிக்கும் கீழே வெறும் முதலெழுத்துகள். மேய்ச்சல்நிலக் கவிஞர்களைப்போல் தோட்டத்தில் திளைக்கும், மேலே வேலைப்பாடான ஓடும் உள்ளே கனத்த கட்டியுமான ஆமைகளின் வரிசையில் முதலில் நிற்பது ஏ. பி. டான்சனின் திரட்டைத் தொடங்கிவைத்த ஆம்ப்ரோஸ் பிலிப்ஸுக்குச் சரியாகப் பொருந்தும். அதை முடித்துவைத்தவருக்கும் அதே முதலெழுத்துகள்தான்.

எழுத்தாளர் கூட்டம் கொதித்தது. அது நான், இது நீ என்று பத்திரிகைகளில் வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. இரண்டே மாதத்தில் போப் 'டன்சியட்' என்ற பெரிய நையாண்டிக் காப்பியத்தை வெளியிட்டபோது அதில் யாரையெல்லாம் சேர்க்கலாம் என்பதற்குப் பஞ்சமே இல்லை. கர்லும் ஒரு முக்கியப் பாத்திரம். கர்ல் சும்மா இருப்பாரா? அதற்கும் ஒரு 'சாவி' அடித்து விற்றார். அந்த முதலெழுத்துகளைப் பற்றிப் போப் தரப்பு பின்னால் கொடுத்த விளக்கம் இது: பெரும்பாலும் தோன்றிய எழுத்துகளைப் போட்டோம், ஆனால் அந்தக் கலையில் தேர்ந்த கவிஞர்கள் நாட்டில் அவ்வளவு பேர் இருந்ததால், எந்த எழுத்துக்கும் அது தன்னைத்தான் குறிக்கிறது என்று ஓர் ஆள் ஓடிவந்துவிட்டார்.